காரணம் என்கிற கட்டம்

எங்கள் லைனின் விடுப்புப் பதிவேட்டில்
ஐந்தாவது கட்டம் காரணத்துக்கு.
இரண்டு விரல் அகலம்.
காய்ச்சல் கொள்ளும். சாவு கொள்ளும்.
சந்திரசூடேஸ்வரர் தேர்
மடக்கி எழுதினால் கொள்ளும்.

கெம்பம்மாவின் மாமியார்
நான் ஷிப்ட் இன்சார்ஜ் ஆன பிறகு மட்டும்
மூன்று முறை செத்திருக்கிறார்.
மூன்றாவது சாவுக்கு மறுநாள் காலை
அவரே பஸ் நிறுத்தத்தில் நின்று
மருமகளிடம் களி டப்பாவை நீட்டினார்.
நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

திம்மராயனுக்கு மாதம் ஒருமுறை வயிற்றுப்போக்கு.
நாகவேணிக்கு எப்போதும் "சொந்த வேலை".
சிலதில் கையெழுத்துப் போட்டேன்,
சிலதில் போடவில்லை.
அன்றைய ஆள்கணக்கைப் பொறுத்தது அது.
அவர்கள் உடம்பைக் கேட்டுப் போட்டதாக
ஒரு கையெழுத்தும் நினைவில்லை.

ஆடியில் பெங்களூர் ஓட்டலில் ஒருநாள் வகுப்பு:
ஊழியர் நலனும் தலைமைப் பண்பும்.
பனீர் நன்றாக இருந்தது.
ஆளுக்கொரு மஞ்சள் பந்து தந்தார்கள், சிரித்த முகம் வரைந்தது.
மனசு இறுகினால் பிசைய வேண்டுமாம்.
திரும்பும் வழியில், அத்திப்பள்ளி நெரிசலில்
ஒன்றே முக்கால் மணி நேரம் பிசைந்தேன்.
வாய் கிழிந்து
மடியெல்லாம் மாவு.

மார்கழியில் ஓசூர் பனி
சிப்காட் விளக்குகளைப் பஞ்சில் சுற்றி வைக்கும்.
ஒரு வயர்க்கட்டுக்கு நாற்பத்திரண்டு விநாடி,
ஒரு ஷிப்டுக்கு அறுநூறு கட்டு,
அறுநூறும் என் தலைக்குள் வீட்டுக்கு வரும்.
பதினோரு நாளாகத் தூக்கமில்லை.
பன்னிரண்டாம் நாள், ராயக்கோட்டை ரோட்டில்
வண்டியை ஓரம் கட்டினேன்.
போவது வீட்டுக்கா கம்பெனிக்கா
என்று தெரியவில்லை.
எதிர்க்கடைக்காரர் டீ கொடுத்தார். காசு வாங்கவில்லை.
என் முகம் அப்படி இருந்திருக்கும்.

அன்று நானே பதிவேட்டைத் திறந்தேன்.
காய்ச்சல் என்று எழுதக் கை போனது. பழக்கம்.
பிறகு எழுதினேன்:
தூக்கம் வரவில்லை. பதினோரு நாள். பயமாக இருக்கிறது.
எழுத்து கட்டத்தைத் தாண்டி
மேலாளர் கையெழுத்திடும் இடத்தில் போய் நின்றது.

நான்கு நாள் கழித்துத் திரும்பினேன்.
பதிவேடு மேசைமேல் எல்லோரும் பார்க்கும்படி கிடந்திருக்கிறது.

திம்மராயன்: தக்காளி கிலோ மூணு ரூபா. அப்பா பேசுறதில்ல.
பக்கத்துல இருக்கணும்.

கெம்பம்மா: மாமியார் நல்லா இருக்காங்க. எனக்குத்தான் முதுகு.

நாகவேணி பச்சை மையில்,
ஓரத்தில் மேலே ஏறி, பக்கத்தைச் சுற்றிக்கொண்டு:
பாத்ரூம் போக ஆள் மாத்திவிடச் சொல்லிக் கேட்க வெட்கம்.
அதனால தண்ணி குடிக்கிறதில்ல.
இப்ப எரியுது. ஜுரம்.

மூன்று வருடம்.
அவள் லைனில் ஏழாவது இடம்,
என் மேசையிலிருந்து பதினைந்து அடி.
உற்பத்திப் பலகையில் அவள் பெயருக்கு எதிரே
நான் ஒட்டிய நட்சத்திரங்கள் நான்கு.

அந்தப் பக்கம் தணிக்கைக்கு ஆகாது,
புதிதாக எழுதுங்கள் என்றார் ஆலை மேலாளர்.
நல்ல மனிதர்தான்.
அவர் மேசையிலும் ஒரு மஞ்சள் பந்து,
பிசையாமல், கவர் பிரிக்காமல்.
சரி என்றேன்.
எழுதவில்லை.

திங்கள் முதல், ஷிப்டுக்கு ஓர் ஆளை
எந்த இடத்திலும் உட்கார வைக்காமல் நிறுத்தினேன்.
கை தூக்கினால் போய் நிற்பான்.
முதல் நாள் யாரும் தூக்கவில்லை.
மதியத்துக்கு மேல் நானே தூக்கிவிட்டு வெளியே போனேன்.
திரும்பும்போது எதிரே நாகவேணி,
தலை நிமிராமல், வேகமாக.

வார முடிவில் விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது.
அதிலும் கட்டங்கள்.
குறைவு: முப்பத்தெட்டு கட்டு.
காரணம், இரண்டு விரல் அகலம்.

தாராளமாகக் கொண்டது:
தண்ணீர் குடித்தார்கள்.