பதினைந்தாம் நாள்

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது சீட்டு:
“ஜிந்தார்ஸ், மீன்களுக்கு எதுவும் போடாதே.
வளர்ந்த மீன்கள், இரண்டு வாரம் தாங்கும்.
பிச்சை கேட்கும். நம்பாதே.
தண்ணீர் குறைந்தால் வாளியில் இருப்பதை மட்டும் ஊற்று.
ஆறு மணிக்கு விளக்கை அணை.”
கீழே, இடுப்பு அறுவைக்குக் கிளம்பியவளின் அவசரத்தில்
விஸ்மா என்று பாதிக் கையெழுத்து.

எனக்கும் அவளுக்கும் நடுவே நாலு அங்குலச் சுவர்.
முப்பது வருடமாக அவள் இருமலைத் தெரியும்.
சாவியை இப்போதுதான் தெரியும்.

முதல் நாள் கதவைத் திறந்ததும்
ஒன்பதும் கண்ணாடிக்கு ஓடிவந்தன.
வாய் திறந்து மூடி, திறந்து மூடி,
ஒரே சொல்லை ஒன்பது பேர் சொல்வதுபோல.
நான் ரீகாவில் டிராம் ஓட்டியவன்.
நிறுத்தம் தாண்டியபின் கைகாட்டி ஓடிவருகிறவர்களைப்
பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன்.
அது சுலபமாக இருந்தது.

மூன்றாம் நாள்.
ஐந்தாம் நாள் தீனி டப்பாவை எடுத்து முகர்ந்தேன்,
காய்ந்த இறாலும் பழைய செய்தித்தாளும்.
திரும்ப வைத்தேன்.
ஒரு சிட்டிகை. ஒரு சிட்டிகையில் என்ன ஆகிவிடும்?
ஆகும் என்று முன்பே சொல்லியிருக்கிறாள்.
போன கோடையில் அவள் லியெபாயா போயிருந்தபோது
தங்கை மகன் பாசத்தோடு மூன்று வேளையும் போட்டானாம்.
தின்னாதது அழுகி, தண்ணீர் கஞ்சியாகி,
பட்டினியால் ஒன்றுகூடச் சாகவில்லை.
வயிறு நிறைந்து செத்தன பதினான்கு.

ஒன்பதாம் நாள் வீட்டில் இருக்க முடியாமல்
ஆற்றுக்குப் போனேன். டௌகவா கெட்டித்துக் கிடந்தது.
பனியில் ஓட்டை போட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன்,
இதற்குக் கீழே இருப்பவை என்ன தின்னும்?
“பெரிதாக ஒன்றுமில்லை.
குளிரில் மீனுக்கு உயிர் சிறு தீயில் எரியும்.”
அப்புறம் தூண்டிலில் எப்படி மாட்டுகிறது?
“எல்லா மீனும் ஒரே மாதிரியா இருக்கும்,” என்று
தெர்மாஸைத் திறந்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

விஸ்மாவின் தொட்டியில் இருபத்தைந்து டிகிரி.
அங்கே பிப்ரவரி இல்லை.

பன்னிரண்டாம் நாள் அவை என்னிடம் வரவில்லை.
பின்கண்ணாடியின் பச்சையைக் கொறித்துக்கொண்டிருந்தன,
நான் வராத வீட்டில் இருப்பதுபோல.
சந்தோஷப்பட வேண்டியதுதான்.
செடி இடுக்கில் கடுகளவு குஞ்சுகள் ஐந்தாறு இருந்தன.
இப்போது இல்லை.
யாரையும் கேட்கவில்லை.

பதினான்காம் நாள் மாலை மருத்துவமனையிலிருந்து போன்.
காய்ச்சலாம், தையலில் சீழாம், இன்னும் சில நாளாம்.
எத்தனை நாள்?
“சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.
சாப்பாடும் கிடையாது, கையில் குழாய்தான்.”
மீன்களைப் பற்றி அவள் கேட்கவில்லை.
நானும் எடுக்கவில்லை.
கடைசியில் சிரித்தாளா, இருமினாளா,
நடுவில் சுவர் இல்லாததால் பிரித்தறிய முடியவில்லை.

பதினைந்தாம் நாளைப் பற்றிச் சீட்டில் ஒன்றும் இல்லை.
கழற்றித் திருப்பிப் பார்த்தேன். கடை ரசீது.
வெண்ணெய், கறுப்பு ரொட்டி, பல்புகள் இரண்டு.

கோட்டைக் கழற்றாமல் நின்றபடியே
விரல்நுனியில் ஒட்டுமளவு எடுத்து,
குழம்புக்கு உப்பு பார்க்கிற அளவு,
நீர்மேல் உதறினேன்.
எட்டு வந்தன.
ஒன்பதாவதைத் தேடி முழங்காலிட்டேன்.
வெப்பக் குழாய்க்குப் பின்னால், பக்கவாட்டில் சாய்ந்து,
செவுள் மட்டும் அசைய இருந்தது.
ஒரு துணுக்கு தானே ஊறி, தானே மூழ்கி
அதன் பக்கமாக இறங்கியது.
தின்றதா என்று எனக்குத் தெரியவில்லை.
என் மூச்சில் கண்ணாடி மங்கிவிட்டது.

மிச்சத்தைத் தேக்கரண்டியால் அள்ளிக் கொட்டினேன்.
சீட்டின் கீழே பென்சிலால் எழுதினேன்:
15. போட்டேன். சிட்டிகையிலும் குறைவு.
அடுத்த வரியில் 16 என்று போட்டு,
பக்கத்தில் ஒன்றும் எழுதாமல்
விளக்கை அணைத்தேன். மணி ஆறு.