புள்ளி

சனிக்கிழமை நாலு மணிக்குக்
கிண்ணியா பஸ்ஸால் இறங்கி வருவாள் பஸீலா.
ஆஸ்பத்திரியில் நெஞ்சுகளின் கோடுகளைக்
காகிதத்தில் இழுத்தெடுக்கிற வேலை.
நான் சுங்கக் கந்தோரில்
சரக்குப் பட்டியலுக்கு நேரே சரி போடுகிறவன்.
டச்சுக்குடாவில் சீமெந்து வாங்கு,
நடுவில் பலகை,
தலையணை உறைத் துணியில் தைத்த பையில்
நூறு எழுத்து.
ஒரு ‘வி’ மட்டும் சட்டைப் பொத்தான்.

நீளச் சொற்களைப் பாடமாக்கியவர்கள் நாங்கள்.
செஸ்குவிபெடாலியன்:
ஒன்றரை அடி நீளமானது என்று பொருளாம்.
எங்கள் பலகையே பதினாலு அங்குலம்.
டிஃபெனெஸ்ட்ரேஷன்:
ஆளைத் தூக்கி ஜன்னலால் எறிதல்.
அதற்கும் பதினாலு எழுத்து,
வைத்தால் ஒரு கட்டம் மிஞ்சும்
விழுகிறவன் கையூன்ற.
பதினேழு வருஷம் காத்திருக்கிறோம்,
இன்னும் ஒருவரையும் எறிய வாய்க்கவில்லை.

ஊரின் பெயரையும் ஒருநாள் எண்ணிப் பார்த்தோம்.
தமிழில் ஆறு, அவர்கள் எழுத்தில் பதினொன்று.
கட்டத்துக்குள் அடங்கும்,
ஆனால் செல்லாது.
பெயர்கள் செல்லாது என்பது விதி.
திரும்பப் பைக்குள் போட்டுக் குலுக்கினோம்.

மற்றதெல்லாம் பொருள் தெரியாத சொற்கள்,
கொள்கலன் இலக்கங்கள் மாதிரி.
பட்டியலில் இருக்கிறதா, செல்லும்.
உள்ளே என்ன என்று
நான் கந்தோரிலும் அதிகம் கேட்பதில்லை.

இன்றைக்கு முதல் கையிலேயே
ஏழையும் இறக்கிவிட்டாள்.
எட்டீரியோ.
ஏழும் ஒற்றைப் புள்ளிக் கூலி எழுத்துகள்,
நடுக்கட்டம் மிதித்ததால் பதினாலு,
மேலே ஐம்பது.
அறுபத்து நாலு!

செல்லும் என்று தெரியும்.
வயிற்றெரிச்சலில்
“பொருள் என்ன?” என்றேன்.
“ஏதோ வருத்தமாக்கும்” என்றாள்,
எல்லாம் வருத்தம்தான் அவளுக்கு.
“இத்தாலிக்காரன் பாட்டு” என்றேன் நான்.
போனில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது.
கடல் பக்கம் நீட்டிப் பார்த்தோம்,
தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தோம்.
பிறகு விட்டுவிட்டு ஆடினோம்.

பாதியில் அவள்
சாப்பாட்டுப் பையிலிருந்து அன்னமுன்னா எடுத்தாள்.
கை வைத்ததும் பிளந்தது.
கண் கண்ணாய்ப் பிரித்துத் தின்று
கொட்டைகளைப் பெட்டி மூடியில் துப்பினோம்.
அப்போதுதான் வட்டம் நின்று
எழுத்து வந்தது:
ஒரே பூவின் பல சூலகங்கள் கூடி
ஒன்றாய்த் திரண்ட பழம்.
உதாரணம், அன்னமுன்னா.

கொஞ்ச நேரம்
யாரும் ஒன்றும் வைக்கவில்லை.
வாயில் கிடந்த கொட்டையை
நாக்கால் ஒருதரம் உருட்டிப் பார்த்தேன்.
இத்தனை வருஷமும் ஐம்பது ஐம்பதாய்
எண்ணியெடுத்தது இதையா?

தோலுக்காக வந்தது மான்.
கோட்டைப் பக்கத்து மான்களுக்கு
ஆளைக் கண்டால் வெட்கம் கிடையாது.
தோலைத் தின்றது,
பழப்பாகு ஒட்டியிருந்த கணக்குத் தாளையும்
மடித்து இழுத்து மென்றது.
நான் பிடித்த மூலையில்
என் பெயரின் முதலெழுத்து மட்டும் மிச்சம்.

“புள்ளிமான்” என்று சிரித்தாள் பஸீலா,
“புள்ளியெல்லாம் அதுக்குத்தானே.”

சிரிப்பு இருக்கட்டும்.
கடைசிக் கூட்டலில் நான்
பதினொன்று முன்னால் நின்றேன்.
இல்லை என்று சத்தியம் செய்கிறாள் அவள்,
கடைசி கிண்ணியா பஸ்ஸின் படியில் நின்றும்.
சாட்சி
டச்சுக்குடாவில் அசைபோட்டுக்கொண்டிருக்கிறது.