கரையில் இருந்த வலி

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள் நான்.
ஊசி எங்கே இறங்கும், எவ்வளவு ஆழம் போகும்,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில்
வேலூர் ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில்
நிறைமதி முழங்காலை மார்போடு மடக்கி
முதுகைக் காட்டிப் படுக்கும்போது
அந்த ஊசியை மட்டும் பார்ப்பதில்லை.

முதல் இரண்டு தடவையும் நாலு பேர் பிடித்தோம்.
கடித்தாள்.
என் மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது
பால்பற்களின் அரைவட்டம்.

மூன்றாம் தடவை பியூலா சிஸ்டர் கொண்டுவந்தார்
கறுப்பாக ஒரு பெட்டி, கண்ணில் மாட்டுவது.
மொட்டைத் தலையில் நழுவாமலிருக்க
பஞ்சை மடித்து உள்ளே வைத்தார்.
"திரும்புற பக்கமெல்லாம் கடல்டி" என்றார்.

கடலை நாங்கள் பார்த்ததில்லை.
பாலாற்றையே மணலாகத்தான் பழக்கம்.

"அம்மா, திமிங்கலம்!
அது வயித்துக்கு அடியில போறேன்!"
வாய் சிரித்தது.
நான் கால்மாட்டில் நின்றேன்.
பத்து விரல்களும் மெல்ல மடங்கின,
நனைத்த தோல் காயும்போது ஓரம் சுருளுமே
அந்த மாதிரி.
மேலே சிரிப்பு. கீழே விரல்கள்.
நடுவில் எங்கேயோ ஊசி.

"வலிச்சுதா மதி?"
"வலிச்சுது."
"அப்புறம்?"
"அது கரையில இருந்துச்சு.
நான் தண்ணியில இருந்தேன்."

ஐந்தாம் தடவை பெட்டி இல்லை.
வார்டுக்கே ஒன்றுதான்;
சித்தூர்ப் பையன் ஒருவன் அடுத்த அறையில்
அதற்குள் இருந்தான்.
டாக்டர் கையுறை போட்டாயிற்று.

"நீ சொல்லு" என்றாள், கண்ணை மூடிக்கொண்டு.
"இன்னாத்தச் சொல்ல?"
"கடல."

தண்ணி நீலமா இருக்கு. மீனு போவுது.
"இன்னா மீனு?"
ஜிலேபி. கெண்டை.
"ம்."
தோ பாரு, பெரிய திமிங்கலம். டான் கலரு.
பக்கத்துல டபுள் தையல்.
முன்னாடி ஆறு ஓட்டை, லேஸ் கோக்கறதுக்கு...

"அய்யோ அம்மா! திமிங்கலத்துக்கு ஏது லேஸு?"

"அசையக்கூடாது" என்றார் டாக்டர்.
சிரிப்பு அவள் முதுகெலும்பு வரை வந்து
அப்படியே நின்றது.

அப்புறம் கத்தினாள். கத்தாமல் என்ன செய்வாள்.
நான் சொன்ன கடலில் ஓட்டைகள் நிறைய.
சின்னக் குப்பியில் சொட்டுச் சொட்டாக
விழுந்தது கண்ணாடி மாதிரித் தண்ணீர்.
இவளுக்குள்ளா இருந்தது
இவ்வளவு சுத்தமான தண்ணீர்?

ஒரு மணி நேரம் மல்லாந்து கிடக்க வேண்டும்.
மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டாள்:
"அதுக்கு எத்தினி சைஸும்மா?"
"எதுக்கு?"
"திமிங்கலத்துக்கு."
ஏற்றுமதி சைஸ் என்றேன்.
"ஜோடியா?"
"ஒத்தைதான்."

கொஞ்சம் யோசித்துவிட்டுத் தூங்கினாள்.
போர்வையை விலக்கிப் பார்த்தேன்.
இடது கால் கட்டைவிரல் மட்டும் மடங்கியிருந்தது.
நிமிர்த்தினேன்.
திரும்ப மடங்கியது.