மானுக்கு நீட்டிய கை

திருஞானசம்பந்தர் வீதியில், மாடியில் எங்கள் ஸ்டூடியோ.
கீழே பூக்கடை. படிக்கட்டில் எப்போதும்
யாரோ உதறிவிட்டுப் போன சாமந்தி.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருக்கிறோம்,
திரையில் வெயில் விழுந்தால்
நிறம் பொய் சொல்லும் என்று.
நிழலிலும் சொல்லும். அது வேறு கதை.

நாற்பத்தேழாம் படம்.
கோட்டை வாசலுக்குள், பின்னேரம் ஐந்தேகால்.
சியாமளா மானுக்கு வாழைப்பழம் நீட்டுகிறாள்.
மாப்பிள்ளை அரை அடி பின்னால்
மானுக்குப் பயந்தபடி சிரிக்கிறார்.
நௌசர் நானாவின் கமரா
காலை மேகமூட்டத்துக்கு வைத்தது வைத்தபடி:
கூறை, கழுத்து, புல், மான்
எல்லாவற்றிலும் மஞ்சள் அரைத்துப் பூசினாற் போல.

துளியெடுப்பி கேட்கிறது,
இதில் வெள்ளை எது, காட்டு.
தேடினேன்.
வேட்டியில் பட்டின் மினுக்கம். மானின் வாலடியில் தூசி.
தூரத்தில் ஆலமரத்தைத் தாண்டி
வெள்ளைச் சீருடையில் கடற்படைக்காரர் ஒருவர்
போனில் பேசிக்கொண்டு நிற்கிறார்.
அவருடைய சட்டையைத் தொட்டேன்.
அவர் நின்றது வெயிலில். இவர்கள் நிழலில்.
ஒரே சொடுக்கில் மணமக்கள்
குளத்தில் இருந்து எடுத்தவர்கள் போல் நீலித்துப் போனார்கள்.
கொன்ட்ரோல் இஸட்.

பிறகு கையால்தான்.
ஒரு அடுக்கு, மஞ்சளைக் குறைத்து நீலத்தைக் கூட்டி.
அதன் மேல் இன்னொன்று,
வளைகோட்டை நடுவில் பிடித்து
எறும்பு நகர்கிற அளவு மேலே.
புல் புல்லானது. கூறை சிவந்தது.
சியாமளா அன்று எப்படி நின்றாளோ
அப்படியே வந்து நின்றாள்,
ஈரம் காயாத பனங்கட்டி நிறத்தில்,
மூக்குத்திக்கு அடியில் ஒரு பொட்டு வெளிச்சத்தோடு.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

பக்கத்துக் கதிரையில் அம்மாக்காரி.
"பிள்ளையக் கொஞ்சம் வெளிறப் பண்ணுங்கோ.
கனடாவுக்குப் போற அல்பம்."
"எவ்வளவு, அம்மா?"
"நீங்களே பார்த்து."
பார்த்து, இருபது வீதம். காணாது என்றார்.
நாற்பதில் என் கன்னத்தைப் பார்த்தார்,
பிறகு திரையை.
அறுபதில் தேத்தண்ணி கேட்டார்.
சியாமளா என்று பேர் வைத்த நாளில்
தொட்டிலைக் குனிந்து பார்த்தவர் யார்,
என்ன நிறம் கண்டு வைத்தார்
என்று நான் கேட்கவில்லை.
மாதச் சம்பளக்காரி கேட்கிற கேள்வி அல்ல.

அடுக்குக்கு ஒரு முகமூடி உண்டு.
கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்.
அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.
வெள்ளைத் தூரிகையை மென்மையாக்கி
முகம், கழுத்து, காதுமடல்,
முழங்கை, வளையல் வரை வந்தேன்.
மின்சாரம் போயிற்று.
யூபிஎஸ் கத்தக் கத்தச் சேமித்து மூடினேன்.
மறுநாள்
நாற்பத்தெட்டில் தொடங்கினேன்.

கொழும்பில் அச்சாகி
பன்னிரண்டாம் நாள் வந்தது அல்பம்.
எடுக்க அவள் தனியே வந்தாள்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே புரட்டினாள்,
வேறு யாருடையதோ கலியாணத்தைப் போல.
நாற்பத்தேழில் நின்றாள்.
வளையலுக்கு இப்பால் வெளிறிய முழங்கை.
அப்பால் வாழைப்பழமும்
மானின் மூச்சுப்பட்ட ஐந்து விரல்களும்.
என் பிழை என் கண்ணிலும் அப்போதுதான் பட்டது.

"இது ஆற்ற கை?"

"மன்னிக்கவேணும், விடுபட்டுப் போச்சு.
திருத்தித் திரும்ப அடிச்சுத் தாறன்..."

தன் கையைப் படத்தின் பக்கத்தில் வைத்தாள்.
மருதாணி போயிருந்தது.
மற்றபடி அதே கை.
"விடுங்கோ," என்றாள்.
"மானுக்கு இதைத்தான் தெரியும்."

அவள் போன பிறகு கோப்பைத் திறந்தேன்.
ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு கண்.
மேலதின் கண்ணை மூடினேன்: சியாமளா.
திறந்தேன்: யாரோ.
மூடினேன்.
இது அடுக்கு, சரி.
இது அடுக்குமா?
கேட்டது நானா, படிக்கட்டில் யாருமா தெரியவில்லை.

நௌசர் நானா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
மேசையில் மெமரி கார்ட் ஒன்றை வைத்தார்.
மூதூர்க் கலியாணம், அறுநூறு படம்.
மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் பண்ணவேணுமாம்.