முப்பத்தொன்று

லான் ஆற்றின் மேல் மூடுபனி விலகாத காலை.
மார்பூர்க் மலையேறும் ஏழாம் எண் பேருந்தில்
என் கோட்டு இன்னும் வெனிலாவாய் மணக்கிறது.
எதிர் இருக்கைக் குழந்தை
என்னை ஐஸ்கிரீம் விற்பவள் என்று நினைத்திருக்கும்.

வெனிலின், ஒரு கீட்டோன், கொஞ்சம் காரம்.
இரவெல்லாம் கலக்கியதில்
மஞ்சளாய்த் திரண்டது முப்பத்தொன்றாம் சேர்மம்.
முதல் முப்பதும் என்ன ஆயின என்று
கேட்காதீர்கள்.

வீப்கே தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள்:
கூழின் மேல் கிருமிகளின் வெண்படலம்,
நடுவே நான் ஊறவைத்த காகிதப் பொட்டு,
பொட்டைச் சுற்றி
எதுவும் முளைக்காத வட்டம்.
பதினாறு மில்லிமீட்டர்.
அவ்வளவு சின்ன வெறுமைக்காக
இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

ஊதாக் கரைசலில் ஒரு சொட்டு விட்டோம்.
மஞ்சளாய் வெளுத்தது,
துணையின்றித் திரிந்த எலக்ட்ரானுக்குக்
கடைசியில் ஒரு ஜோடி.

பிறகுதான் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன்.
சிலிக்கா நிரப்பிய குழாயில் இறக்கி,
சூடான எத்தனாலில் கரைத்து, ஆறவிட்டு,
ஊசி ஊசியாய்ப் படிகம்; பார்க்க அத்தனை அழகு.
வட்டம் பதினொன்று.
மறுபடி. ஐந்து.
மறுபடி.
வெண்படலம் பொட்டின் விளிம்புவரை வந்து
முகர்ந்து பார்த்துவிட்டு
அங்கேயே படுத்துக்கொண்டது.
ஊதாவும் ஊதாவாகவே நின்றது.

ஊரில் திட்டும் சொல் ஒன்று வாய்வரை வந்தது:
வடிகட்டின முட்டாள்.
இத்தனை நாள் அதை வசவென்று நினைத்திருந்தேன்.
செய்முறை அது.

வீப்கேவிடம் ஜெர்மனில் விளக்கினேன்.
அவள் சிரிக்கவில்லை.
"எதை வடிகட்டி எறிந்தாய்?" என்றாள்.

எறியவில்லை.
குடுவை கழுவச் சோம்பல்பட்டதால்
குளிர்பெட்டியின் பின்வரிசையில்
ரப்பர் அடைப்போடு கிடந்தது தாய்க்கரைசல்,
ஆறிப்போன தேநீரின் நிறத்தில்.
ஒட்டிய சீட்டில் என் கையெழுத்து:
கழிவு. வெள்ளிக்குள் கொட்டவும்.

நேற்று வெள்ளி.
அதில் ஒரு பொட்டை ஊறவைத்து
தட்டில் வைத்து மூடிவிட்டு இறங்கினேன்.
இரவு முழுக்க
முப்பத்தேழு பாகையில்
யார் யாரைத் தின்றார்களோ.

மருத்துவமனை நிறுத்தம் தாண்டியதும்
கைப்பேசி அதிர்கிறது.
வீப்கே ஒரு படம் அனுப்பியிருக்கிறாள், சொல் ஒன்றுமில்லை.
தட்டின் மேல் சாய்வாய் ஓர் அளவுகோல்.
பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
பேருந்து வளைவில் திரும்புகிறது,
எண்கள் நடுங்குகின்றன,
அல்லது என் கை.