எழுபத்து நான்கு, எண்பத்தைந்து

ஆனைகட்டிப் பாலம் பெரிய பாலமில்லை.
இந்தக் கரையில் லாட்டரி விற்றால் போலீஸ் பிடிக்கும்.
அந்தக் கரையில் விற்காவிட்டால்
ரங்கி வீட்டில் அடுப்பு எரியாது.
ஞாயிறுதோறும் நான் நடந்து கடக்கிறேன்,
செங்கல் லோடு இறக்கிய கையைக் கழுவாமல்.

பதினோரு வருஷம்.
ஒருமுறை ஐந்நூறு, மூன்றுமுறை நூறு.
மற்றதெல்லாம் சட்டைப்பையோடு சேர்ந்து
துவைந்து போனது.

போன ஞாயிறு கடைக்குப் பக்கத்தில் வெள்ளை வேன் நின்றது.
பக்கவாட்டில் மலையாளம்.
எனக்கு அந்த எழுத்து வராது, எண்தான் வரும்.
ரங்கி வாசித்துச் சொன்னாள்:
இருளப் பெண்கள் லாட்டரி விற்பனைச் சங்கம்,
பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம், காசு வேண்டாம்.

யார் காசு என்று கேட்டேன்.
முன்பல் இரண்டு இல்லாத வாயால் சிரித்தாள்.
"தோத்தவங்க காசுதான்.
எங்க கமிஷன்ல டிக்கெட்டுக்கு இவ்வளவுன்னு
ஒதுக்கி வெச்சோம், பதினோரு பேரும், நாலு வருஷம்."

பெஞ்சில் மலையூர்ப் பிள்ளைகள்.
எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகள்.
ஒரு பையன் தன் டோக்கனை நகத்தால்
சுரண்டிச் சுரண்டிப் பார்த்தான்,
உள்ளே பரிசு இருக்குமென்று.

எனக்குத் தர்ஷிகா ஞாபகம் வந்தது.
மூன்று வாரமாக ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள்.
கிராம்பு வைத்தோம், உப்புத் தண்ணீர் கொடுத்தோம்,
விழுகிற பல்தானே என்றோம்.
கோயமுத்தூரில் இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டார்கள்;
யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.
அந்த வாரம் பன்னிரண்டு டிக்கெட் வாங்கினேன்.
இதை அவள் அம்மாவிடம் சொன்னதில்லை.

தடாகத்துக்கு வண்டியை விரட்டிப் போய்
அவளை முன்னால் உட்காரவைத்துத் திரும்பி வந்தேன்.
மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் பேனாவை நிறுத்தினாள்:
"எந்த ஸ்டேட்?"
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
கடைக்குள்ளிருந்து ரங்கி கத்தினாள்:
"எழுது புள்ள,
அவரு எப்பவோ அட்வான்ஸ் கட்டிட்டாரு!"

வேனுக்குள்ளே கண்ணைக் கூசும் விளக்கு.
டாக்டர் ரெஹ்னா சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்து
பல்லுக்குப் பெயர் சொல்லவில்லை, எண் சொன்னார்.
"எழுபத்து நாலு, எடுக்கணும்.
எண்பத்தஞ்சு, அடைக்கலாம்."
உதவிக்காரப் பெண் எழுதிக்கொண்டாள்.
நானும் எழுதிக்கொண்டேன், உள்ளங்கையில்.

என்ன செய்ய. என் புத்தி அப்படி.
ஊசி போடும் நேரத்தில்
மகள் கையை விட்டுவிட்டு
ரங்கி கடைக்கு ஓடினேன்:
கடைசி நாலு எண் ஏழு நாலு எட்டு அஞ்சு, இருக்கா?

அவள் கட்டுகளைப் பிரித்தாள், விசிறினாள்.
ஓரிடத்தில் விரல் நின்றது.
"இருக்கு."
என் உள்ளங்கையைப் பார்த்தாள்.
வேனைப் பார்த்தாள்.
"இதை உனக்கு வித்தா எனக்குப் பல் கூசும்.
போ, புள்ள தேடும்."
இருக்கிற பல்லே கொஞ்சம் என்று சொல்ல நினைத்தேன்,
சொல்லவில்லை.

போனேன்.
தர்ஷிகா அழுது முடித்திருந்தாள்.
காகிதத்தில் சுற்றிய பல்லை என்னிடம் தந்தாள்,
மிச்சச் சில்லறையைத் தருவதுபோல.
ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் பால்.
இவ்வளவு சிறியதா
மூன்று வாரம் தூங்கவிடாதது?

மறைக்க ஒன்றுமில்லை:
நாலு கடை தள்ளி வேறொரு டிக்கெட் வாங்கினேன்.
ஒன்றுதான்.

பஞ்சை மூன்று மணிக்கு எடுக்கலாம்,
அப்புறம் ஐஸ்கிரீம் என்றிருக்கிறார் டாக்டர்.
குலுக்கலும் மூன்று மணிக்கு.
பாலத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருக்கிறோம்
ஒரு கால் அந்த மாநிலம், ஒரு கால் இந்த மாநிலம்.
வீங்கிய கன்னத்தோடு அவள்
என் போனைப் பிடுங்கி மணி பார்க்கிறாள்.
பிறகு நான் அவளிடமிருந்து பிடுங்கிப் பார்க்கிறேன்.
இரண்டு ஐம்பத்தொன்று.
இரண்டு ஐம்பத்திரண்டு.