அக்காவுக்கு ஊர் காட்டியது

பத்மலோஜினி அக்கா வந்திருக்கிறா
வவுனியாவிலிருந்து,
ஒரு மாத விசாவும் ரெண்டு கிலோ ஒடியல் மாவுமாக.
முகாமில் ஆள் எண்ணி முடித்த பிறகு
தக்கலைக்கு பஸ் ஏறினோம்.

நான்தான் வழிகாட்டி.
அந்தா வேளிமலை, என்றேன்.
மழை அதை அரைவாசிக்கு மேல் தின்றிருந்தது.
ரப்பர் மரங்களின் இடுப்பில் கட்டிய சிரட்டைகளை
பஸ் போகிற வேகத்தில் எண்ணப் பார்த்தா.
"ஒரு சீப்பு மட்டி தாங்க மக்கா" என்று
நான் கடையில் கேட்டதற்கு
சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி
தேத்தண்ணி கேட்டா.
சாயா என்று சொல்லி வாங்கிக் கொடுத்தேன்.
தமிழிலிருந்து தமிழுக்கு
எத்தனை மொழிபெயர்ப்பு.

பத்மநாபபுரம் அரண்மனை
நிற்பது தமிழ்நாட்டில்,
பார்த்துக்கொள்வது கேரளா.
"அப்ப இதுவும் மாசாமாசம்
பதிவு போட வேணுமோ?"

கவுன்டரில் ரெண்டு விலை.
அக்கா பாஸ்போர்ட்டை எடுத்தா.
என் பையில் முகாம் அட்டை,
முப்பத்திநாலு வருசம்,
ஆசாரிப்பள்ளத்தில் பிறந்த ரெண்டு பிள்ளைகளின்
தடுப்பூசிச் சீட்டு.
எதை நீட்டுவது?
"எவ்வளவாக்கும்?" என்று மட்டும் கேட்டேன்.
"ஒரு ஃபாரின், ஒரு இந்தியன். அல்லே?"
அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
கிழித்த சீட்டு கைக்கு வந்துவிட்டது.

"உனக்கு மலிவாப் போச்சு" என்றா அக்கா,
செருப்பைக் கழற்றிக்கொண்டே.

இந்தியன் என்று அச்சடித்து
எனக்குக் கிடைத்த முதல் காகிதம்.
வாசலில் நின்றவர் வாங்கி
பாதியைக் கிழித்துக்கொண்டு
மீதியைத் தந்தார்.